காண்டிராக்ட் தொழிற்சாலைகளும் நம் பிள்ளைகளும்

(தோட்டக் கிளைகளின் செயலாளர்களும் இளைஞர், மாதர் பகுதியினரும் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



பால் விலையைப் பற்றியோ, செம்பனைக் குலையின் கூலியைப் பற்றியோ நான் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று அதைப் பேசப் போவதில்லை. தோட்டத்து வாசலில் விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து நிற்கிறதே ஒரு பஸ், அதைப் பற்றிப் பேசப் போகிறேன். நம் வீட்டுப் பெண்ணும் பையனும் அதில் ஏறிப் போகிறார்கள். இரவு திரும்பி வருகிறார்கள். எங்கே போகிறார்கள், யாருக்கு வேலை செய்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

நான் கேட்டேன். கேட்க வேண்டிய நிலைமை வந்தது. நம் உறுப்பினர் ஒருவரின் மகள், பெயர் வேண்டாம், ஒரு சம்பளச் சீட்டைக் கொண்டு வந்து என் மேசைமேல் வைத்தாள். "மாமா, எனக்கு முதலாளி யார் என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்றாள். இது என்ன கேள்வி என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. சீட்டைப் படித்த பிறகு சிரிப்பு போய்விட்டது. சீட்டின் தலைப்பில் ஒரு கம்பெனியின் பெயர். அது ஆள் பிடித்துக் கொடுக்கும் காண்டிராக்டர் கம்பெனி. அவள் நின்று வேலை செய்த தொழிற்சாலையின் வாசலில் வேறொரு பெயர். அவள் கையால் பொருத்தி அனுப்பிய பெட்டியின்மேல் மூன்றாவது ஒரு பெயர். அது உலகம் முழுதும் விளம்பரம் செய்யும் பெயர். ஒரு பெண், ஒரே வேலை, மூன்று முதலாளிகள்! ஆனால் வேலை போனபோது மூவரில் ஒருவராவது "நான்தான் முதலாளி" என்று முன்வரவில்லை.

அவள் கதையைப் பிறகு முடிக்கிறேன். இந்த ஏற்பாடு எப்படி உண்டாயிற்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1971-ஆம் ஆண்டு சுதந்திர வர்த்தக வட்டாரச் சட்டம் வந்தது. 1972-இல் பினாங்கில் பாயான் லெப்பாஸில் வயற்காட்டை மேடாக்கித் தொழிற்சாலை கட்டினார்கள். அப்போது பினாங்கில் வேலையில்லாக் கொடுமை கடுமையாக இருந்தது. டாக்டர் லிம் சோங் இயூ முதலமைச்சராயிருந்து அயல்நாட்டுக் கம்பெனிகளை அழைத்து வந்தார். இன்டெல், ஹியூலெட் பேக்கார்டு, ஏ.எம்.டி., நேஷனல் செமிகண்டக்டர், பாஷ், ஹிட்டாச்சி, கிளாரியன், லிட்ரானிக்ஸ் ஆகிய எட்டுக் கம்பெனிகள் முதலில் வந்தன. "எட்டுச் சாமுராய்கள்" என்று இன்றும் அவற்றைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்தக் கம்பெனிகளிடம் குறைகள் பல இருந்தன. ஆனால் ஒன்று தெளிவாக இருந்தது: வாசலில் எழுதிய பெயரே சம்பளச் சீட்டிலும் இருந்தது. முதலாளி யார் என்று தொழிலாளிக்குத் தெரியும்.

பிறகு உலகத்தில் ஒரு மாற்றம் வந்தது. பெயர் பெற்ற கம்பெனிகள் கணக்குப் பார்த்தன. "பொருளைத் திட்டமிடுவதும் விற்பதும் நம் வேலை, அதைப் பொருத்திக் கட்டுவதற்குத் தொழிற்சாலை நமக்கு ஏன்? கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் பணம் முடங்குகிறது, ஆட்களின் தொல்லை வேறு. காண்டிராக்ட் விட்டுவிடலாம்" என்று முடிவு செய்தன. அதற்கென்றே பெருங் கம்பெனிகள் வளர்ந்தன. பிளெக்ஸ்ட்ரானிக்ஸ் 1969-இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. பிறகு சிங்கப்பூரில் பதிவு பெற்றது. சொலெக்ட்ரான் 1977-இல் தொடங்கியது. 2007-இல் அதையும் பிளெக்ஸ்ட்ரானிக்ஸ் விழுங்கியது. பாக்ஸ்கான் 1974-இல் தைவானில் டெலிவிஷன் பெட்டிக்குப் பிளாஸ்டிக் திருகு செய்து பிழைப்பைத் தொடங்கிய கம்பெனி. இன்று உலகத்திலேயே பெரிய எலெக்ட்ரானிக் காண்டிராக்டர். 2001-இல் எரிக்சன் என்ற சுவீடன் கம்பெனி, தன் கைத்தொலைபேசித் தயாரிப்பைத் தொழிற்சாலைகளோடு பிளெக்ஸ்ட்ரானிக்ஸிடம் ஒப்படைத்தது. அதில் மலேசியத் தொழிற்சாலையும் ஒன்று. சட்டையை மாற்றுவதுபோல ஒரே நாளில் தொழிலாளிக்கு முதலாளி மாறினான்.

தோழர்களே, இது உங்களுக்குப் புதிதா? தோட்டத்தில் நாம் காணாததா? 1950-களிலும் 60-களிலும் தோட்டத் துண்டாடல் நடந்தபோது என்ன நேர்ந்தது? வெள்ளைத் துரை தோட்டத்தை விற்றான். வாங்கியவன் துண்டு துண்டாக்கினான். செக்ரோலில் பேரிருந்தவனை நீக்கினான். புல் வெட்ட ஒரு காண்டிராக்டர், பால் வெட்ட ஒரு காண்டிராக்டர். அதே நிரை, அதே மரம், அதே ஆள். ஆனால் சங்கத்தின் கூட்டு ஒப்பந்தம் அவனுக்கில்லை, சேமநிதி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. துரையிடம் போனால் "காண்டிராக்டரைக் கேள்" என்பான். காண்டிராக்டரைக் கேட்டால் "தோட்டம் கொடுக்கிற ரேட்டு இவ்வளவுதான்" என்பான். நம் பெரியவர்கள் இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டவர்கள். தோட்டத்தில் பார்த்த அந்தக் காண்டிராக்டர்தான் இன்று குளிர்சாதனக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவே.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். காண்டிராக்ட் தொழிற்சாலை சோம்பேறி வேலையன்று. நான் ஒன்றை உள்ளே சென்று பார்த்திருக்கிறேன். பச்சை அட்டையில் ஈயப் பசையைப் பூசுகிறது ஓர் இயந்திரம். கடுகினும் சிறிய பாகங்களை அதன்மேல் ஒட்டுகிறது மற்றோர் இயந்திரம். கண்ணிமைப்பதற்குள் எத்தனை ஒட்டிற்று என்று எண்ண முடியாது. பிறகு சூட்டடுப்பு, பிறகு சோதனை. இயந்திரத்துக்கு எட்டாத இடங்களில்தான் நம் பிள்ளைகளின் கை வேலை செய்கிறது: பொருத்துதல், திருகாணி முறுக்குதல், கண்ணாடி வழியாகப் பார்த்துக் குறை கண்டுபிடித்தல், பெட்டியில் அடைத்தல். திறமை வேண்டும், பொறுமை வேண்டும். ஒரு மரத்தின் பட்டையைக் காயப்படுத்தாமல் சீவுகிற கைக்கு எவ்வளவு நிதானம் வேண்டுமோ அவ்வளவு நிதானம் அங்கேயும் வேண்டும். "பொத்தானை அழுத்துகிற வேலை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனிக் காசுக்கு வருவோம். காண்டிராக்டருக்குக் கிடைப்பது என்ன? ஒரு பெட்டிக்கு இன்ன விலை என்று பெயர் பெற்ற கம்பெனி பேசிவிடுகிறது. அந்த விலையின் பெரும்பகுதி பாகங்களுக்கே போய்விடுகிறது. முக்கியமான பாகங்களை யாரிடம், என்ன விலைக்கு வாங்க வேண்டும் என்பதையும் பெரும்பாலும் பெயர் பெற்ற கம்பெனியே தீர்மானிக்கிறது. அங்கே காண்டிராக்டரால் ஒரு காசு மிச்சம் பிடிக்க முடியாது. காலம் செல்லச் செல்ல விலையைக் குறைக்கவும் சொல்கிறார்கள். மிஞ்சும் லாபம் நூற்றுக்குச் சில வெள்ளிதான். அதைக் காப்பாற்ற வேண்டுமானால் அவன் கைக்கு எட்டுவது எது? கூலி, ஓவர்டைம், விடுதி, சாப்பாடு, இவைதான். பால் விலை உலகச் சந்தையில் விழுந்தபோது அந்தப் பள்ளம் கடைசியில் வெட்டுகிறவன் சம்பளத்தில் வந்து முடிந்ததே, அதே கணக்கு.

ஒரு புள்ளி விவரம் சொல்கிறேன். சொன்னவர்கள் தொழிற்சங்கக்காரர்கள் அல்லர், அமெரிக்கப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள். 2010-இல் வந்த ஐபோன் 4 என்ற கைத்தொலைபேசியின் விற்பனை விலை யார் யாருக்குப் போகிறது என்று பிரித்துப் பார்த்து 2011-இல் வெளியிட்டார்கள். 100 வெள்ளி விலையென்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 58 வெள்ளி 50 காசு ஆப்பிள் கம்பெனியின் லாபம். சீனத்திலே நின்று உழைத்த தொழிலாளர் அத்தனை பேருக்கும் சேர்த்துப் போனது 1 வெள்ளி 80 காசு. கூலியை இரட்டிப்பாக்கினாலும் விலை இரண்டு வெள்ளிகூட ஏறாது! ஆனால் அந்த இரண்டு வெள்ளியைக் கொடுக்கக்கூடியவன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதில்லை. கையெழுத்துப் போடுகிறவனிடமோ அந்த இரண்டு வெள்ளி இல்லை. முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

அந்தத் தொலைபேசி விற்ற அதே 2010-இல் சீனத்தில் பாக்ஸ்கான் தொழிற்சாலைகளில் இளந்தொழிலாளர் பதினெட்டுப் பேர் தற்கொலைக்கு முயன்றார்கள். பதினான்கு பேர் மாண்டார்கள். கம்பெனி கட்டடங்களைச் சுற்றி வலை கட்டியது. பிறகு கூலியையும் உயர்த்தியது. உயர்த்த முடிந்ததல்லவா? அந்தப் பிள்ளைகள் உயிரோடிருந்தபோது ஏன் முடியவில்லை?

தாய்த் தமிழ்நாட்டையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அங்கே நடந்ததில் நமக்குப் பாடம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் நோக்கியா தொழிற்சாலை திறந்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் கிராமங்களிலிருந்து பஸ்ஸேறிப் போனார்கள். 2014 நவம்பர் முதல் தேதி மூடிவிட்டார்கள். பக்கத்திலிருந்த பாக்ஸ்கானும் அந்த ஆண்டே நின்றது. பிறகு வேறு கம்பெனிகளின் ஆர்டரை வாங்கிக்கொண்டு பாக்ஸ்கான் திரும்பி வந்தது. 2021 டிசம்பரில் அங்கே விடுதியில் கெட்டுப்போன சாப்பாட்டால் 159 பெண்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். மற்றவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அறைக்குள் அழுதுகொண்டிருக்கவில்லை, சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். தொழிற்சாலை நின்றது. அமெரிக்காவிலிருந்து ஆப்பிள் கம்பெனியே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஒப்புக்கொண்டது. 2022 ஜனவரி 12-இல்தான் மறுபடி திறந்தார்கள். பெட்டியின்மேல் எழுதிய பெயரைத் தட்டி எழுப்பினால் கதவு திறக்கும் என்பதை அந்தப் பெண்கள் காட்டினார்கள்.

நம் நாட்டிலேயே ஜோகூரில் நடந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். டைசன் கம்பெனிக்குத் தூசி உறிஞ்சும் இயந்திரத்துக்கு வேண்டியதைச் செய்து கொடுத்த ஏ.டி.ஏ. என்ற காண்டிராக்ட் கம்பெனி, அயல்நாட்டுத் தொழிலாளரை நடத்திய விதம் பற்றிக் குற்றச்சாட்டு எழுந்தது. 2021 நவம்பரில் டைசன் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. பத்திரிகைகள் பாராட்டின. நான் அவ்வளவு அவசரமாகப் பாராட்டமாட்டேன். ஒப்பந்தத்தை முறித்தால் காண்டிராக்டருக்குத் தண்டனை, சரி. கடன்பட்டு வந்த தொழிலாளிக்கு யார் என்ன கொடுத்தார்கள்? இதில் எனக்கு நம்பிக்கை தந்தது வேறொரு செய்தி. அதே டைசனுக்குப் பாகங்கள் செய்த ஜோகூர்த் தொழிற்சாலைகளைப் பற்றி, நேபாளத்தையும் வங்காள தேசத்தையும் சேர்ந்தவர்களாக 24 பேர் இங்கிலாந்தில் டைசன்மேலேயே வழக்குப் போட்டார்கள். கம்பெனி குற்றச்சாட்டை மறுத்தது. வழக்கை மலேசியாவில் நடத்த வேண்டும் என்று வாதாடியது. 2024 டிசம்பரில் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், இங்கிலாந்திலேயே விசாரிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. காண்டிராக்டரைத் தாண்டிப் பெயருக்குரியவனைச் சட்டத்தின்முன் கொண்டுவரப் பாதை இருக்கிறதென்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அயல்நாட்டுத் தொழிலாளர் என்றதும் கூட்டத்தில் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. "அவர்கள் வந்ததால்தான் நம் கூலி ஏறவில்லை" என்பீர்கள். நான் கோபித்துக்கொள்ளவில்லை, ஆனால் கேளுங்கள். 2014-இல் வெரிட்டே என்ற அமைப்பு நம் நாட்டு எலெக்ட்ரானிக் தொழிற்சாலைகளில் 501 பேரைக் கண்டு விசாரித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அயல்நாட்டவரில் நூற்றுக்கு 32 பேர் கட்டாய வேலையென்று சொல்லத்தக்க நிலைமையில் இருந்தார்கள். ஊரில் ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறான். கடன் தீரும்வரை வாயைத் திறக்க முடியாது. பாஸ்போர்ட்டு வேறொருவன் பெட்டியில். இது யார் கதை? நம் பாட்டன் கதையல்லவா! கங்காணி ஊரில் முன்பணம் கொடுத்து அழைத்து வந்தான், தலைக்காசு வாங்கிக்கொண்டான். 1938-இல் இந்திய அரசு தடுத்த பிறகுதான் அந்த ஆள் பிடிப்பு நின்றது. 1968-இல் வேலை பெர்மிட்டுச் சட்டம் வந்தபோது, குடியுரிமையில்லாத நம்மவர் ஆயிரக்கணக்கில் தோட்டத்தை விட்டுக் கப்பலேறினார்களே, அந்தக் கண்ணீரை இந்தக் கூட்டத்திலேயே பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வாய் திறக்க முடியாத ஒருவன் பக்கத்தில் நின்றால் நம் கூலியும் ஏறாது. அவனுக்கு வாய் கிடைப்பதுதான் நமக்கு லாபம். இது தரும சிந்தனை அன்று, கணக்கு.

சங்கம் ஏன் இல்லை என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எலெக்ட்ரானிக் தொழிலாளர் நாடு முழுவதற்கும் ஒரு சங்கம் வைக்க 1970-களிலிருந்து கேட்டார்கள், இடம் கிடைக்கவில்லை. 1988-இல் அரசு சங்கம் வைக்கலாம் என்று அறிவித்தது. சில வாரங்களுக்குள்ளேயே, நாடு தழுவிய சங்கம் கூடாது, கம்பெனிக்கு ஒன்றாக உள்ளுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று திருப்பிவிட்டது. 2009-இல்தான் வட்டாரத்துக்கு ஒரு சங்கம் என்று இசைந்தார்கள். 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிற்சங்கச் சட்டத் திருத்தம், ஒரே தொழில் சார்ந்தவர்தாம் ஒரு சங்கமாகலாம் என்ற பழைய கட்டை அவிழ்த்திருக்கிறது. நம் தலைமுறைக்குக் கிடைக்காத வசதி இது. ஆனால் சட்டம் கதவைத் திறந்து வைக்கும். உள்ளே நடந்து போவது நம் கால்தான். காண்டிராக்டர் ஆளாக இருப்பவன் எந்தக் கம்பெனிச் சங்கத்தில் சேருவது என்ற சிக்கல் இன்னும் தீரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

இப்போது அந்தப் பெண்ணின் கதைக்கு வருகிறேன்.

அவள் பதினான்கு மாதம் வேலை செய்தாள். கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்காக மாதக்கணக்கில் ஓவர்டைம் ஓட்டினார்கள். தீபாவளிக்குக்கூட ஒரு நாள்தான் வீட்டிலிருந்தாள். ஜனவரியில் ஆர்டர் குறைந்தது. ஒருநாள் இரவு தொலைபேசியில் செய்தி வந்தது: "நாளை முதல் பஸ் வராது." காரணம் இல்லை, கடிதம் இல்லை. தொழிற்சாலை வாசலுக்குப் போனாள். "நீ எங்கள் ஆள் இல்லை" என்றார்கள். காண்டிராக்டரிடம் போனாள், "உன்னை யார் நீக்கினார்கள்? காத்திரு, வேறிடத்தில் ஆள் கேட்டால் கூப்பிடுகிறோம்" என்றார்கள். நல்ல பிள்ளை, காத்திருந்தாள். காத்திருந்து எழுபதாம் நாள் என்னிடம் வந்தாள்.

இங்கேதான் எனக்கு வயிறெரிந்தது. அநியாயமாக வேலையிலிருந்து நீக்கினால், தொழிலுறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்கீழ் மறுபடி வேலை கேட்டு மனுச் செய்ய 60 நாள்தான் தவணை. "காத்திரு" என்ற ஒரு சொல்லால் அந்தக் கதவை மூடிவிட்டார்கள். தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, மூடியது மூடியதுதான்.

வேறு வழி தேடினோம். 1980-ஆம் ஆண்டு வேலைநீக்க, ஆட்குறைப்பு நன்மை விதிகள் இருக்கின்றன. தொடர்ந்த நான்கு வாரத்தில் மொத்தம் பன்னிரண்டு வேலை நாளாவது வேலையும் கொடுக்காமல் சம்பளமும் கொடுக்காமல் இருந்தால், வாயால் நீக்காவிட்டாலும் ஆட்குறைப்புத்தான். பன்னிரண்டு மாதத்துக்குக் குறையாமல் வேலை செய்தவர்க்கு, இரண்டாண்டுக்குட்பட்ட சேவையானால் ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம். பெரிய தொகையில்லை, ஆனால் அவள் வேலைக்காரி என்பதை ஒப்புக்கொள்ளச் செய்யும் தொகை. தொழிலாளர் இலாகாவில் மனுக் கொடுத்தோம். காண்டிராக்டர் சார்பில் வந்தவர் அமைதியாக ஒரு காகிதத்தை நீட்டினார். முதல் எட்டு மாதம் ஒரு கம்பெனிப் பெயர், அடுத்த ஆறு மாதம் வேறொரு கம்பெனிப் பெயர். ஆகவே எதிலும் பன்னிரண்டு மாதம் இல்லையாம்! அதே பஸ், அதே மேசை, அதே மேற்பார்வையாளர். பெயர் மாறியது அவளுக்கே தெரியாது. சேமநிதிக் கணக்கை எடுத்துப் பார்த்தபோதுதான் எங்களுக்கும் தெரிந்தது. விசாரணை இன்னும் முடியவில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில், தோட்டக் காண்டிராக்டர் காலத்திலேயே எழுதிய 33-ஆம் பிரிவு ஒன்றிருக்கிறது. காண்டிராக்டர் சம்பளம் கொடுக்காவிட்டால், வேலையைக் காண்டிராக்ட் விட்ட முதலாளியும் பொறுப்பாளி. மூன்று மாதச் சம்பளம் வரை அவனிடம் கேட்கலாம். ஆனால் 90 நாளுக்குள் கேட்க வேண்டும். ஆள் கொடுக்கும் காண்டிராக்டர்கள் தொழிலாளர் இலாகாவில் பதிவு செய்ய வேண்டும் என்று 2012-இல் திருத்தமும் வந்தது. அந்தப் பெண்ணுக்குக் கடைசி மாத ஓவர்டைம் பாக்கியிருக்கிறது. அதற்காக இந்தப் பிரிவைக் காட்டித் தொழிற்சாலையையும் எதிர்த்தரப்பில் சேர்க்கக் கேட்டிருக்கிறோம். தவணைக்குப் பதினோரு நாள் மிச்சமிருக்கையில் மனு உள்ளே போயிற்று.

அவள் ஒருத்தியின் சீட்டை வைத்துக்கொண்டு "பெயர் மட்டும்தான் மாறியது" என்று மெய்ப்பிப்பது கடினம். அந்தப் பஸ்ஸில் நாற்பது பேர் போனார்கள். அவர்கள் சீட்டிலும் அதே மாதத்தில் அதே பெயர் மாறியிருந்தால், இது தற்செயல் என்று யாரும் சொல்ல முடியாது. ஆகையால் கிளைச் செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் லயத்தில் அந்தப் பஸ்ஸில் போனவர், போகிறவர் யாராயிருந்தாலும், தமிழரோ, மலாய்க்காரரோ, நேபாளியோ, சம்பளச் சீட்டையும் சேமநிதிக் கணக்கையும் நகலெடுத்து வாங்குங்கள். சீட்டில்லாதவர் வங்கிக் கணக்கைக் காட்டட்டும். வேலையில் இப்போது இருப்பவர் பெயரை வெளியில் சொல்ல வேண்டாம். உறையில் போட்டு ஒட்டிக் கொடுங்கள். விசாரணை அடுத்த மாதம் இரண்டாம் வாரத்தில் வருகிறது. வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணி முதல் சங்க அலுவலகத்தில் நானும் கணக்கரும் இருப்போம்.